அவுரி பங்களாக் கிணறு

சூசைநாதன் சொன்ன பொய் இரண்டே வார்த்தைதான். "யாரும் இல்லீங்க" என்றார். 1929 மாசி மாதம், பாகூருக்குத் தெற்கே பாழடைந்து கிடந்த அவுரி பங்களாவின் கிணற்றடியில் நின்று அதைச் சொன்னார். அந்த வார்த்தைதான் தன் மகளையும் தன் தெருவில் இன்னும் பதினாறு பேரையும் மண்ணுக்குள் கொண்டுபோனது என்று சாகும்வரை நம்பினார். அப்படித்தானா என்று என்னால் சொல்ல முடியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவுரிச் சாயம் கப்பல் கப்பலாகப் போன காலத்தில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி கட்டிய பங்களா அது. சாயத் தொழில் படுத்ததும் வியாபாரியின் வாரிசுகள் சீமைக்குப் போய்விட்டார்கள். வாசலில் சப்பாத்திக் கள்ளி மண்டியது. கூடத்தில் வௌவால் குடியேறியது. செடி ஊறவைத்த பெரிய தொட்டிகள் தோட்டம் முழுக்க வாய் பிளந்து கிடந்தன. ஆனால் பின்பக்கம் இருந்த செங்கல் கிணறு மட்டும் வற்றியதே இல்லை. தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். கேட்க ஆளில்லாத கிணறு என்பதால் பக்கத்திலிருந்த மேட்டுச் சேரியின் நாற்பது வீடுகளும் அதில்தான் தண்ணீர் எடுத்தன. ஊர்க் கிணற்றில் அவர்கள் குடம் விட முடியாது. விட்டால் என்ன நடக்கும் என்பது சேரியில் எல்லோருக்கும் தெரியும்.

சூசைநாதன் அந்தச் சேரிக்காரர். அப்போது முப்பது வயது. பாகூர் சிங்காரவேலு என்ற நிலக்காரரிடம் பண்ணையாள். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டதால் அக்கா சின்னபொண்ணுதான் நாற்று நட்ட கூலியில் கஞ்சி ஊற்றி வளர்த்தார். மனைவி காசம்மாள். ஆறு வயதில் ஒரே மகள், அமுதம்.

புதுச்சேரிப் பட்டணத்தில் பழம்பொருள் சேர்க்கிற சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் லெக்லோ துரை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினீயர். வயலிலும் ஏரியிலும் அகப்படுகிற கற்சிலைகளையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து ஜனங்கள் பார்க்க வைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அவுரி பங்களாவை மியூசியமாக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. கள்ளியை வெட்டி மண்ணைச் சமன்படுத்தச் சேரியிலிருந்து முப்பது பேரைக் கூலிக்கு எடுத்தார்கள். சூசைநாதனும் போனார்.

வேலை தொடங்கிப் பத்தாவது நாள் முன்வாசல் மண்ணை வெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சூசைநாதன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சங்கத்துக் குமாஸ்தா அரங்கநாதனிடம் போய், "சாமி, இப்டி வெட்னா மழத் தண்ணி பங்களாக்குள்ள பூந்துரும்" என்றார்.

"உன்னை யாருடா கேட்டா? போய் வேலையைப் பாரு" என்றார் அரங்கநாதன்.

துரை என்னவென்று விசாரித்தார். அரங்கநாதன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். துரை சிரிக்கவில்லை. பத்துக் குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வாசல் கோடியில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் நெளிந்து நெளிந்து வந்து பங்களாவின் முதல் படியை நனைத்தது. துரை தன் கையிலிருந்த வரைபடத்தைத் தரையில் விரித்து, சூசைநாதனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, எந்தக் கோடு எந்தப் பாதை என்று விரலால் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத சூசைநாதனுக்கு அந்தக் காகிதம் புரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் காசம்மாளிடம் அவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "பக்கத்துல குந்த வெச்சாரு மே. எங்கிட்ட கேட்டாரு, இப்டிப் போட்டா சரியான்னு."

அடுத்த வாரம் அரங்கநாதன் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். கையில் ஒரு தாள்.

"இடத்தைப் பத்தி ரப்போர், அதான் அறிக்கை, எழுதணும் சூசை. துரைக்கு வம்பு வழக்குன்னா ஆகாது. யாராவது பாத்தியதை கொண்டாடினா இதை விட்டுட்டுக் கிருமாம்பாக்கத்துப் பழைய சத்திரத்துக்குப் போயிடுவாரு. உன்னை இங்கேயே நிரந்தரத் தோட்டக்காரனா வெச்சுக்கணும்னு வேற சொல்லிக்கிட்டிருக்காரு. இந்தக் கிணத்துல தண்ணி எடுக்கிறவங்க யாராவது இருக்காங்களா?"

கிணற்றைச் சுற்றிக் குடம் வைத்து வைத்துக் குழிந்த தடங்கள் இருந்தன. அரங்கநாதன் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சூசைநாதன் ஒரு கணம் யோசித்தார். தோட்டக்காரனாக நாம்தானே இருக்கப்போகிறோம், நம் ஜனம் தண்ணீர் எடுப்பதை யார் தடுக்கப்போகிறார்கள் என்று தோன்றியது.

"யாரும் இல்லீங்க" என்றார்.

அரங்கநாதன் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு வருடம் சூசைநாதன் வாழ்ந்த வாழ்க்கை மேட்டுச் சேரியில் யாரும் வாழாதது. தொட்டிகளை உடைத்து மண் போட்டு மூடினார்கள். உடைக்கும்போது காரைக்குள்ளிருந்து நீலம் நீலமாகப் பெயர்ந்து வந்தது. வாசலிலிருந்து நான்கு பாதை பிரிந்தது. அதில் செங்கல் ஜல்லி இடித்துப் போட்டுக் கல் உருளையால் உருட்டினார்கள். பாதைகளுக்கு நடுவே புல்தரை. அறுகம்புல்லைக் கொத்தாகக் கொண்டுவந்து, விரலால் குழி போட்டு ஒவ்வொரு கணுவாக ஊன்றியது சேரிப் பெண்கள்தான். காசம்மாளும் சின்னபொண்ணும் ஒரு மாதம் முட்டி போட்டுத் தோட்டம் முழுக்கத் தவழ்ந்தார்கள். தலையில்லாத புத்தர், மூக்கு உடைந்த நந்தி, கையில்லாத ஓர் அம்மன் என்று சிலைகள் வண்டியில் வந்து இறங்கின. எந்தச் சிலையை எங்கே நிறுத்தினால் காலை வெயில் முகத்தில் விழும் என்று துரை சூசைநாதனையும் கேட்டுத்தான் மேடை கட்டினார். 1931ல் திறப்பு விழா நடந்தது. பட்டணத்திலிருந்து வந்த துரைசானிகள் குடை பிடித்துக்கொண்டு புல்லில் நடந்தார்கள். சூசைநாதன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மருதாணி வேலிக்குப் பக்கத்தில் நின்றார். ஊரில் அதைப் பொம்மை பங்களா என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

தோட்டத்தைச் சுற்றி ஆளுயர மதில் எழுந்திருந்தது. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. விடிந்ததும் சூசைநாதன் அதைத் திறந்துவிடுவார். பெண்கள் வரிசையாக வந்து தண்ணீர் எடுத்துப்போவார்கள். வாரத்துக்கு ஒரு முறை வருகிற அரங்கநாதனின் வண்டி பாதையில் தெரிவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். நான்கு வருடம் இப்படியே போயிற்று. அவர் சொன்னது பொய் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

1934ல் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தன. தை பிறக்கும்போது பாகூர் ஏரி வெடித்துக் கிடந்தது. மாசியில் அவுரிக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கியது. அந்தக் கிணற்றின் அடிக்கல்லைச் சேரியில் பலர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள். சித்திரைக் கடைசியில் பிரான்சிலிருந்து பெரிய படிப்பாளிகள் மியூசியம் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. புல் பச்சையாக இருக்கவேண்டும் என்று அரங்கநாதன் பங்குனியிலேயே படுக்கையோடு வந்து பங்களாவில் தங்கிவிட்டார். முதல் நாள் காலையிலேயே குடங்களைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன வழக்கம் சூசை?"

"நம்ம ஜனந்தாங்க சாமி."

"தண்ணி இருக்கிற நிலைமை தெரியலையா உனக்கு? புல்லுக்கே பத்தாது." அவர் பட்டணத்திலிருந்து ஒரு பூட்டு வரவழைத்தார். சாவியைச் சூசைநாதனிடமே கொடுத்தார். "உன் வீட்டுக்கு மட்டும் சாயங்காலம் ஒரு குடம் எடுத்துக்கோ. வேற யாருக்காவது கதவு திறந்தேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே உன்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பிடுவேன்."

மறுநாள் விடிந்ததும் சின்னபொண்ணு குடத்தோடு வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, தொறடா."

"அக்கா, குமாஸ்தா உள்ள இருக்காரு. ரெண்டு நாள் பொறுத்துக்கோ. நான் பேசுறேன்."

"ரெண்டு நாளு இன்னாத்தக் குடிக்கிறது? உன் மாமன் காச்சல்ல கெடக்குறாரு."

"குட்டையில கொஞ்சம் எடுத்துக் காச்சிக் குடிங்கக்கா."

"குட்டையில மாடு படுத்துக்கினு கெடக்குதுடா" என்றார் சின்னபொண்ணு. பிறகு போய்விட்டார்.

சூசைநாதன் பேசவில்லை. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று நாளைக் கடத்தினார். ஐந்தாம் நாள் சேரிக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து முன்வாசலுக்கே வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று சின்னபொண்ணுதான் பேசினார். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எடுக்கிற தண்ணிங்க சாமி. நாங்க புதுசா ஒண்ணும் கேக்கல."

அரங்கநாதன் கெட்டவர் இல்லை. உள்ளே போய் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து பிரித்தார். அதிலிருந்த தாளைப் படித்துத் தமிழில் சொன்னார். "இந்தக் கிணற்றைக் குடிதண்ணீருக்கோ வேறு எதற்குமோ எவரும் பயன்படுத்துவதில்லை. இவ்விடத்தைச் சேர்ந்த சூசைநாதன் என்பவன் நேரில் சொன்னது." பிறகு நிமிர்ந்து, "உங்க ஆளே சொல்லி எழுதினதும்மா. இதுல நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

சூசைநாதன் பத்தடி தள்ளிப் பூவாளியோடு நின்றிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது ஏசியிருந்தால் தேவலை. சின்னபொண்ணு அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். பூவாளியிலிருந்து தண்ணீர் ஒழுகி அவர் காலடியில் புல் நனைந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஒரு குடம் தண்ணீரோடு வீட்டுக்குப் போனார். காசம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். குடத்தை அவர் கையிலிருந்து வாங்கினார். தெருவே பார்க்க அதைக் கவிழ்த்தார்.

"இன்னா மே பண்ற!"

"நாப்பது வூடு குட்டத் தண்ணி குடிக்குது. எம் பொண்ணுக்கு மட்டும் இன்னாய்யா தனித் தண்ணி? இனிமே இங்க கொண்டாராத."

அமுதத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. மறுநாளிலிருந்து அம்மாவோடு அவளும் இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு குட்டைக்குப் போனாள். சூசைநாதன் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார். அவர் தடுத்துச் சண்டை போட்டிருக்கலாம். மகளையாவது பங்களாவுக்குக் கூப்பிட்டு ஒரு சொம்பு கொடுத்திருக்கலாம். அந்த நாட்களில் அவருக்குக் காசம்மாளின் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை. புல்லுக்குத் தண்ணீர் விட்டார். புல் பச்சையாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் சேரியில் வாந்திபேதி கண்டது. முதலில் சின்னபொண்ணின் புருஷன் போனார். காய்ச்சலில் கிடந்த உடம்பு, அரை நாள் தாங்கவில்லை. அடுத்த நாள் மூன்று பேர். விஷயம் தெரிந்ததும் அரங்கநாதன் அவசர அவசரமாக வண்டி கட்டச் சொல்லிப் பட்டணத்துக்குப் போய்விட்டார். வண்டி பாதை திரும்புமுன்பே சூசைநாதன் பின்கதவைத் திறந்தார். பூட்டைக் கழற்றிக் கிணற்றில் எறிந்தார். தானே நீர் இறைத்துத் தானே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொண்டுபோய் வைத்தார். சிலர் எடுத்துக்கொண்டார்கள். சிலர் வைத்தபடியே விட்டுவிட்டார்கள்.

நடுப்பகலில் அவர் வீட்டுக்கு வந்தபோது அமுதம் பாயில் கிடந்தாள். காலையில் நன்றாக இருந்த பெண். கண் உள்ளே போய்விட்டிருந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது.

"தண்ணி, நைனா" என்றாள்.

அவர் கொடுத்தார். குடித்தாள், வாந்தி எடுத்தாள். மறுபடி கேட்டாள், மறுபடி கொடுத்தார். பொழுது சாயும்வரை அந்த ஒன்றுதான் நடந்தது. காசம்மாள் மகளின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கால் சூடாகவில்லை. மாதா கோயில் மணி அடித்தபோது அமுதம் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பதினேழு பேர். வைகாசியில் கோடை மழை வந்த பிறகுதான் நின்றது. பிரான்சுப் படிப்பாளிகள் வரவில்லை. தண்ணீர் விட ஆளில்லாமல் பதினைந்தே நாளில் புல்தரை சாம்பல் நிறமாகிவிட்டது.

ஆனி மாதம் ஒரு காலையில் சூசைநாதன் யாரிடமும் சொல்லாமல் பட்டணத்துக்கு நடந்தார். லெக்லோ துரையின் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து வாசலில் நின்றார். துரை அரங்கநாதனுக்கு ஆள் அனுப்பினார். அவர் வரும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேச முடியாமல் இருந்தார்கள். துரை நாற்காலி காட்டினார். சூசைநாதன் உட்காரவில்லை.

அரங்கநாதன் வந்ததும் சூசைநாதன் சொன்னார்: "அந்தக் காயிதத்துல நான் சொன்னது பொய்யின்னு எழுதணும் சாமி. நாப்பது வூடு எடுத்துக்கினு இருந்த கெணறு அது. வேல போயிடும்னு நான் மறச்சேன். நான் சொன்னதுன்னு எழுதுங்க. கை நாட்டு வெக்கிறேன்."

அரங்கநாதன் மெதுவாக மொழிபெயர்த்தார். துரை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். சூசைநாதன் சொன்னார். துரை எழுந்து ஜன்னலுக்குப் போய், தெருவைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். இவர்களைத் திரும்பிப் பார்க்காமலே ஏதோ பேசினார்.

"நானே நேரில் போய்க் கேட்டிருக்கணும்னு சொல்றாரு" என்றார் அரங்கநாதன். கிணற்றடியில் தான் குனிந்து பார்க்காமல் விட்ட குடத் தடத்தைப் பற்றி அவரும் நினைத்தாரோ என்னவோ.

இரண்டாவது ரப்போர் எழுதினார்கள். சூசைநாதன் கட்டைவிரல் வைத்தார். சங்கத்துக்குத் தவறான தகவல் கொடுத்ததற்காக அவரை வேலையிலிருந்து நீக்குவதாக அதே தாளின் கடைசியில் எழுதியிருந்தது. அரங்கநாதன் அதையும் படித்துக் காட்டினார். சூசைநாதன் தலையை ஆட்டிவிட்டு, காக்கிச் சட்டையை அங்கேயே கழற்றி மடித்து வைத்துவிட்டு வெறும் உடம்போடு வெளியே வந்தார்.

ஒரு வருடம் கழித்து, கிழக்கு மதிலை இடித்து வழி விட்டார்கள். சேரி ஜனம் எப்போது வேண்டுமானாலும் வந்து தண்ணீர் எடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. அது சூசைநாதன் பட்டணம் போனதால் வந்தது என்று சேரியில் யாருக்கும் தெரியாது. அரங்கநாதன் யாரிடமும் சொல்லவில்லை, சூசைநாதனும் சொல்லவில்லை.

சூசைநாதன் மறுபடியும் சிங்காரவேலுவின் நிலத்துக்கே போனார். அதட்டினாலும் பதில் பேசமாட்டார். கிணற்றுப் பக்கம் போகமாட்டார். காசம்மாள் கரும்புக் கொல்லையில் சோகை உரிக்கப் போவார். சாயங்காலம் கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். உப்பு வேண்டுமா, விளக்கை அணைக்கவா என்பதைத் தவிர அந்த வீட்டில் பேச்சு இல்லை. மனைவி தன்னை வெறுக்கிறாள், வெறுக்கட்டும், அது நியாயம் என்று அவர் இருந்துவிட்டார். அக்கா தெருவில் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்பார். சின்னபொண்ணு நேராகப் பார்த்தபடி போய்விடுவார்.

1940ல் யுத்தம் பிரான்சுக்குள் வந்ததும் மியூசியத்தை மூடினார்கள். சிலைகள் வண்டியில் பட்டணத்துக்குப் போயின. ஏற்றிவிடக் கூலிக்கு ஆள் கூப்பிட்டபோது மேட்டுச் சேரியிலிருந்து பத்துப் பேர் போனார்கள். சூசைநாதன் போகவில்லை. பாதையெல்லாம் கோரை முளைத்து, தோட்டத்தில் ஆடு மேய்ந்தது.

1943 ஐப்பசியில் காசம்மாள் காய்ச்சலில் விழுந்தார். ஒன்பது நாள் இறங்கவில்லை. அடைமழை. சூசைநாதன் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, துணியை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் காசம்மாள் கண் திறந்து அவரையே பார்த்தார்.

"எதுக்கு இப்டிப் பாக்குற?"

"நீ அன்னிக்குக் கொண்டாந்த. நாந்தான் கொட்னேன்" என்றார் காசம்மாள். "அந்தக் கொடத்த நான் வாங்கி வெச்சிருந்தா எம் பொண்ணு இருந்திருப்பா. எட்டு வருசமா உம் மூஞ்ச எப்டிப் பாக்குறதுன்னு தெர்ல எனக்கு."

சூசைநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் நெற்றியிலிருந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எட்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் தனித்தனியாக அதே பெண்ணைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

"நீ இன்னா மே பண்ண? நீ செஞ்சது சரிதான்" என்றார்.

"சரியோ தப்போ. அவ போய்ட்டா."

துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார். மழை பெய்துகொண்டேயிருந்தது. அன்று அவர்கள் அமுதத்தைப் பற்றிப் பேசினார்கள். புல் ஊன்றுகிற காலத்தில் அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது, அப்பாவின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு முழங்கால்வரை தொங்கவிட்டுத் தெருவில் ஓடியது. இரண்டு பேரும் அழுதார்கள். சிரிப்பு வரவில்லை.

காசம்மாள் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு வீட்டில் பேச்சு இருந்தது, கொஞ்சமாக. ஆனால் சூசைநாதனின் உடம்பு அப்போதே உள்ளுக்குள் கெட்டிருந்தது. இருமல் விடவே இல்லை. 1946 மார்கழியில், அறுப்புக்கு முன்னால், நாற்பத்தேழு வயதில் செத்துப்போனார்.

பிணத்தைக் குளிப்பாட்டும் நேரத்துக்குச் சின்னபொண்ணு வந்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த வாசல்படியை அன்றுதான் மிதித்தார். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, தலைமயிரிலிருந்த வைக்கோல் துரும்பை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். சாமியார் வந்து ஜெபம் சொன்னார். மகளுக்குப் பக்கத்தில் இடம் இல்லாததால் கொஞ்சம் தள்ளி, வேலியோரமாகப் புதைத்தார்கள்.

மாசியில் காசம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பூரணாங்குப்பத்திலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே மீன் கூடை சுமந்து பிழைத்தார் என்று கேள்வி.